கட்டிலுக்கடியில் வளர்ந்த புல்

அன்று வாசலில் நின்றது நாங்கள் நான்கு பேர். அம்மா, அப்பா, நான், பக்கத்து வீட்டு அண்ணன். இல்லாதது ஒரே ஒருவர்தான், அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். எங்கள் நடுவில் சிமெண்ட் தரையில் இருந்த அட்டைப்பெட்டி அவருடையது. அதற்குள் மாதாவும் சூசையப்பரும் மூன்று ராஜாக்களும் ஆடுமாடுகளும் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அவற்றைப் பிரித்துக் குடில் வைப்பது அக்காதான். அண்ணன் பல்பு மட்டும் மாட்டுவார். நாங்கள் மூன்று பேரும் வேடிக்கை பார்ப்போம்.

அக்கா கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எட்டு மாதம் முடியும் நேரத்தில் பிரஷர் ஏறிவிட்டது, எழுந்து நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய அம்மா வீடு அந்தப் பக்கம் என்பதால் அங்கேயே சேர்த்தார்கள். இதற்கு முன் இரண்டு முறை அவருக்குத் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று ஐந்தாம் மாதம். இரண்டாவது தடவை ஆட்டோவில் ஏற்றிப் போனபோது என் அம்மாதான் மடியில் தலையை வைத்துப் பிடித்திருந்தாள்.

எங்கள் குடியிருப்பு ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. எதிரும் புதிருமாக நான்கு நான்கு வீடுகள், நடுவில் இரண்டு வண்டி ஒதுங்கும் அளவுக்குச் சந்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டி. எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது இங்கே வந்தோம். அப்பா பேக்கிங் பலகை செய்யும் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் காண்டிராக்டில் பாத்திரம் கழுவுகிறாள், வராத நாளுக்குக் கூலி கிடையாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டிப்ளமோ முடித்து, வண்டிப் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் டிரெய்னி. அதனால் மருந்துச் சீட்டு, கரண்ட் பில், ரேஷன் மெசேஜ் எதுவானாலும் அம்மா என்னிடம்தான் நீட்டுவாள். நான் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று நம்புவாள். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்றெல்லாம் பேசி முடித்த பிறகு அக்கா விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, கண்ணாலம் ஆன வருசத்துல இருந்து ஒரு வருசம் கூட குடில் விட்டதில்லக்கா. இந்தத் தடவ விட்டுப்போச்சின்னா எனக்கு மனசே ஆறாது. நீங்க வெச்சிருங்க."

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். எப்படி வைப்பது என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள். அக்கா சொன்னார்: பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது, ஓலையோ பலகையோ வைத்து ஒரு கொட்டாய், மேலே ஒரு ஸ்டார், கீழே புல். புல்லுக்குக் கேழ்வரகைத் தட்டில் தூவி பத்து நாளைக்கு முன்பே முளைக்க விட வேண்டும்.

"மொளப்பாரி மாதிரிதான தாயி?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா, அந்த மாதிரிதான்."

அக்காவின் ஊரில் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். முளைப்பாரி என்று கேள்விப்பட்டிருப்பார், வளர்த்துப் பார்த்திருக்க மாட்டார். அம்மாவோ அவள் ஊரில் பெயர் வாங்கியவள். பங்குனியில் அம்மன் கோயிலுக்கு அவள் வளர்த்துக் கொடுக்கும் முளைப்பாரி ஊர்வலத்தில் முதல் வரிசையில் போகும் என்று அப்பா இன்றும் சொல்வார். அதை வெளிச்சம் படாத அறையில் வளர்க்க வேண்டும். எட்டு நாள் முடியும்வரை வளர்ப்பவளைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. இருட்டில் பயிர் ஒரு முழம் ஏறி, வெளுத்த மஞ்சளாகத் தலை நிமிர்ந்து வந்தால் நல்ல சகுனம். கருத்தாலோ அழுகினாலோ ஊரே முணுமுணுக்கும்.

அம்மா ஐந்து அலுமினியத் தட்டு எடுத்தாள். பால்காரரிடம் காய்ந்த எரு வாங்கிவரச் சொன்னாள். வெறும் கேழ்வரகு போட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று தட்டைப்பயறும் சோளமும் சேர்த்துக்கொண்டாள். தட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, நான்கு பக்கமும் ஈரச் சாக்கால் மூடினாள். அன்றிலிருந்து வீட்டில் கவிச்சி இல்லை. விடிவதற்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அவற்றுக்குத் தண்ணீர் தெளிப்பாள். டிசம்பர் மாத ஓசூரில் அந்த நேரத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெறும் ரசச் சோற்றைப் பார்த்துவிட்டு, "அவுக சாமிக்கு இதெல்லாம் உண்டா, இல்ல நீயாச் சேத்துக்கிட்டதா?" என்று கேட்டார்.

"சாமிக்கு இல்ல. புள்ளைக்கு" என்றாள் அம்மா. அப்பா சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

கொட்டாய் அப்பாவின் பொறுப்பு. கம்பெனியில் கேட்பாஸ் வாங்கிக் கழித்துப் போட்ட பலகைகளைக் கொண்டுவந்து இரண்டு நாள் தட்டினார். முடித்து நிறுத்தியபோது ஒரு ஆடு நிற்கலாம், நிஜ ஆடு. நாங்கள் பெட்டியைத் திறந்து, சாண் உயரம் கூட இல்லாத மாதாவை உள்ளே வைத்துப் பார்த்தோம். காலியான குடோனில் யாரோ தொலைந்துபோன மாதிரி இருந்தது. போதாததற்குக் கூரைப் பலகையில், பெட்டிகளில் அச்சடிக்கும் குடைப் படமும் கண்ணாடிக் கிளாஸ் படமும் அம்புக்குறியும் இருந்தன. மேல்பக்கத்தைக் காட்ட வேண்டிய அம்புக்குறி தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பாடிகெ எஷ்டு?" என்று கேட்டார். வாடகை எவ்வளவு என்று அர்த்தம். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஸ்டார் என் வேலை. கடையில் வாங்கிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். ஐந்து முனைக்குக் கோணம் கணக்குப் போட்டு, தாளில் வரைந்து, மூங்கில் குச்சி கட்டி, சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நூல் இறுக்கும்போது குச்சிகள் நகர்ந்து, ஒரு கால் மட்டும் நீண்டுவிட்டது. மைதாப் பசை காலைப் பனியில் ஊறி, மூன்றாம் நாள் தாள்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின. மறுபடி ஒட்டினேன், மறுபடி தொங்கின. கடைசியில் எலும்புக்கூட்டில் ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டேன். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள்.

புல் அப்படி இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம் நான் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டுச் சாக்கை விலக்கிக் காட்டினாள். சோளமும் பயறும் ஒரு முழம் ஏறி, வெளிறிய மஞ்சளாக, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. கேழ்வரகுக்கு அந்தப் பலம் இல்லை. நூல்நூலாக நீண்டு, ஈரத் தலைமுடி மாதிரி சாய்ந்து கிடந்தது. அம்மாவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன்.

"பொன்னு மாதிரி வந்துருக்குடா. அவளுக்கு ஒரு கொறையும் வராது."

குடில் புல் எப்படி இருக்கும் என்று முந்தைய வருடங்களில் நான் பார்த்திருக்கிறேன். பச்சைப் பசேல் என்று கட்டையாக இருக்கும். அம்மாவும் பார்த்தவள்தான், ஆனால் சகுனம் என்று வந்தால் அவளுக்கு மஞ்சள்தான். போனிலும் படங்கள் பார்த்திருந்தேன். இலைக்குப் பச்சை எதனால் வருகிறது, வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ஏழாம் வகுப்பில் படம் போட்டுப் பத்து மதிப்பெண் வாங்கிய பாடம். சாக்கைப் போட்டு மூடிய அன்றே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. விரதம் இருக்கிறவளிடம், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவளிடம், நீ செய்வது தப்பு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அதை மரியாதை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அக்கா குடில் போட்டோ கேட்டிருந்தார். அண்ணனுக்குத் தயக்கம். இந்த நிறத்தைப் பார்த்தால் அவ மனசு உடைஞ்சிரும் தம்பி, எங்க ஊருல புல்லு இப்படி வந்தா முகம் சுளிப்பாங்க என்று மெதுவாகச் சொன்னார். என் அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். அவருக்கும் அந்த மரியாதை இருந்தது. நான் தட்டுகளைக் கொட்டாய்க்கு முன்னால் வைத்துப் படம் எடுத்தேன். போனில் நிறம் மாற்ற ஒரு கோடு இருக்கிறது. அதைக் கொஞ்சம் இழுத்தேன், இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மஞ்சள் பச்சையானது. அனுப்பினேன். அக்காவிடமிருந்து கைகூப்பிய படம் ஐந்தாறு வந்தது. அம்மா தட்டுகளை மறுபடியும் கட்டிலுக்கடியில் தள்ளிச் சாக்கைப் போட்டாள்.

மறுநாள் அக்காவுக்குப் பிரஷர் இறங்கவே இல்லை. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. எடை குறைவு என்று தனி அறையில் வைத்திருப்பதாக அண்ணன் போனில் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து எனக்கு வார விடுமுறை. அம்மா வேலை முடித்து வந்ததும் நாங்கள் இருவரும் கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம். அவள் மடியில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. சாப்பாடு என்று நினைத்தேன்.

அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அம்மா அவர் தலையைத் தடவிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே ஈரத் துணியில் சுற்றிய ஒரு பிடி முளைப்பயிர். அவள் ஊரில் அதில் ஒரு கொத்தைக் கிள்ளிப் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் வைப்பார்களாம்.

அக்கா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது வேறயாக்கா? ஏன் இப்படி மஞ்சளா இருக்குது?"

"உன் குடிலுக்கு வளத்ததுதான் தாயி."

"போட்டோவுல நல்லா பச்சையா இருந்துதே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு, நான் படித்துச் சொல்வதற்காகக் காத்திருப்பாளே, அப்படிப் பார்த்தாள். நான் படத்தில் நிறத்தை மாற்றியதைச் சொன்னேன். பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதையும், அது எனக்கு முதலிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தால் எனக்கு இப்போதும் அந்த இடம் ஞாபகம் வரும்.

குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா எழுந்தாள், நானும் கூடப் போனேன். நர்ஸ் கண்ணாடிக் கதவு வரைதான் விட்டார். உள்ளே நீல வெளிச்சத்தின் கீழே, கண்ணைத் துணியால் கட்டி, டயபர் மட்டும் போட்டு ஒரு குழந்தை. கை என் விரல் கனம்தான் இருந்தது. விளக்கை ஒரு நிமிடம் அணைத்து நர்ஸ் மருந்து கொடுத்தபோது அதன் தோல் தெரிந்தது. நெஞ்சும் வயிறும் மஞ்சள்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் விரதம் இருந்து, இந்தப் பிள்ளையை மனதில் வைத்து, இருட்டில் அவள் மஞ்சளாக எதையோ வளர்த்திருந்தாள். எதிரே அது படுத்திருந்தது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு இது சாதாரணம், ஈரல் முழுசாக வேலை செய்ய நாளாகும், அதற்கும் புல்லுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் பத்து நிமிடத்துக்கு முன்புதான் நான் பொய்யன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் வார்த்தை அவளிடம் போய்ச் சேரவில்லை.

திரும்பி வந்து அக்காவின் கட்டிலோரம் நின்று, "என் தப்பு தாயி" என்றாள். கட்டிலில் கிடந்த மஞ்சள் பயிரை எடுத்து டிபன் பாக்ஸில் போட்டு மூடினாள்.

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"டாக்டரம்மா சொன்னாங்கக்கா, நெறைய பேருக்கு இப்படி வருமாம். லைட்டுல வெச்சிருந்தா எறங்கிருமாம். நீங்களும் அதத் தூக்கி வெயில்ல வைங்க. ஊட்டுக்குள்ள வெச்சா எதுதான் பச்சையா இருக்கும்?"

திரும்பி வரும் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுடா. அதுக்காகத்தான உன்னயக் கேக்குறது? நீ பாத்துக்கிட்டே சும்மா இருந்துருக்க."

நான் அவளிடம் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். எதுவும் அப்படி வலித்ததில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அம்மா வேலைக்குப் போகவில்லை. கேண்டீன் மேஸ்திரியிடம் நான்தான் போனில் சொன்னேன். எங்கள் சந்தில் வெயில் நேராக விழுவது பதினோரு மணியைச் சுற்றி ஒரு மணி நேரம். ஒன்பது மணிவரை பனி. அதனால் பக்கத்துக் காலி மனைக்குத் தட்டுகளைத் தூக்கிப் போனாள். கட்டட நிழல் நகர நகரத் தட்டுகளையும் நகர்த்தினாள். மாடு வந்தால் விரட்டினாள். இரண்டு தட்டு முதல் நாளே போய்விட்டது. வேர் அழுகி நாறியது, கொட்டிவிட்டோம். மீதி மூன்றில் அன்று சாயங்காலமே நுனி லேசாகப் பச்சை பிடித்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகம். அம்மாவைக் கூப்பிட்டு, நிஜமாகவே பச்சையா என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியலயா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் அன்று முழுவதும் என்னிடம் பேசியது.

கிறிஸ்துமஸ் அன்று காலை அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். முந்தின இரவு பூசைக்கு அவர் போகவில்லை. கொட்டாய்க்கு முன்னால் மூன்று தட்டுகள் பச்சையாக இருந்தன. கேழ்வரகு எழுந்து நிற்கவே இல்லை, படுத்தபடியே பச்சையாகிவிட்டது. சோளமும் பயறும் ஒரு முழ உயரத்துக்கு நின்று ராஜாக்களை மறைத்தன. அப்பா எல்லாச் சொரூபங்களையும் தெருவைப் பார்த்து வரிசையாக வைத்திருந்தார், போகிற வருகிறவர்கள் கும்பிட வசதியாக. அண்ணன் எதையும் மாற்றவில்லை. பெட்டியின் அடியிலிருந்து குழந்தை யேசுவை எடுத்துத் துடைத்து, வைக்கோலில் கிடத்தினார். பிறகு அம்மாவிடம், மஞ்சள் பாதி இறங்கிவிட்டது, ரத்தத்தில் பார்த்துச் சொன்னார்கள் என்றார். அம்மா தலையாட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை அக்காவுக்கு நானே போட்டோ எடுத்து அனுப்பினேன். எந்தக் கோட்டையும் தொடவில்லை. பெரிய கொட்டாய், தலைகீழ் அம்புக்குறி, ஒற்றைக் கால் நீண்ட ஸ்டார், சாய்ந்த புல். அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஜனவரி முதல் வாரம் குழந்தையோடு வந்தார்கள். அக்கா ஒரு நாள் தங்கித் துணிமணி எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவர் பார்க்க வேண்டும் என்று குடிலைப் பிரிக்காமல் வைத்திருந்தோம். புல் காய்ந்து வைக்கோலாகியிருந்தது. அம்மா குழந்தையை உடனே வாங்கவில்லை. வாசலிலேயே நின்று, வெயிலில் அதன் காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கால் ரோஜா நிறத்தில் இருந்தது. "வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அக்கா அவள் கையில் கொடுத்தார்.

டீ குடிக்கும்போது அக்கா எவ்வளவு செலவாச்சு என்று கேட்டார். எரு அறுபது ரூபாய், மற்றதெல்லாம் வீட்டில் கிடந்தது என்றாள் அம்மா. அக்கா நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தம்பி. நெசமா எவ்ளோ?"

அம்மா குழந்தையைப் பார்த்தபடியே, வேண்டாம் என்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தலையை அசைத்தாள். அசைத்தவள் நடுவில் நிறுத்திக்கொண்டாள். சொல்வதும் சொல்லாததும் இனி உன் பாடு என்று விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

நான் விரலை மடக்கிக் கூட்டினேன். மூங்கில் குச்சி, கண்ணாடித்தாள், பல்பு, பயறு, எரு, கிருஷ்ணகிரி போய்வந்த பஸ், வெயிலுக்குப் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த இரண்டு நாளில் அம்மா விட்ட கூலி. எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய் என்றேன்.